ஏழாம் அதிகாரமும் குழாய் பூட்டும் ஆண்டகையும்

எம்மன்புரூக்கே
தை மாதம், 1994

அன்பு மகள் யூஜினிக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி றஞ்சினி எழுதுகிறாள். இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம், அமெரிக்காவில் நீயும் மருமகன் டெஸ்மன்டும் என் பேத்தி நதாலியும் சுகம் என்று பதில் வந்தால் அந்த முழங்காலும் வெட்கப்பட்டு நிமிர்ந்துவிடும். மடு மாதாவிடம் உங்களுக்காக மன்றாடுகிறேன். நீங்கள் இப்போது மாதாவிடம் மன்றாடுவதில்லை என்று எனக்குத் தெரியும், மாதாவுக்கும் தெரியும், அவ அதைப் பெரிதாக எடுப்பதில்லை. இங்கே ஒரே புகார், வெயிலைக் கண்டு நாளாகிவிட்டது, மலைக்கு மேலே நல்ல வெயில் எறிக்கிறது என்று ரிவியில் காட்டுகிறார்கள், மூடுபனிக்குக் கீழே கிடக்கிற எங்களுக்கு அதைக் காட்டி என்ன பயன். உன் அண்ணன் கிளமென்றுக்குப் பக்டரியில் மாறி மாறி வேலை, வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, சாப்பிட்டால் குறட்டை. அவன் மகன் டினேஸ் பள்ளிக்கூடத்தில் பஸ்நாக்ற் திருவிழா மேளக் கோஷ்டியில் சேர்ந்திருக்கிறான், வீட்டில் ஒரு சட்டி பானையை விட்டுவைக்கிறானில்லை. கீழ் வீட்டுக் கிழவி பொறுக்க முடியாமல் தும்புக்கட்டையால் முகட்டில் இடிக்கிறாள், ஆனால் அவளும் தாளம் தப்பாமல்தான் இடிக்கிறாள், அவளையும் கோஷ்டியில் சேர்த்தால் நல்லது என்று நான் சொன்னேன், றஞ்சினி சிரிக்கவில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை றஞ்சினி எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, காது நல்ல காது, இப்போது கேட்டாலும் முதல் வரியிலிருந்து பாடமாகச் சொல்வேன். உங்கள் மோர்மன் சபையைத் தொடங்கிய யோசேப்பு என்பவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்துவிட்டாய். அதில் ஏழாம் அதிகாரத்தில் அவருக்கு முதல் மனைவியைத் தவிர வேறு மனைவிமாரும் இருந்ததை எழுதியிருக்கிறாய், அதில் சிலது முதல் மனைவிக்குத் தெரியாமல் நடந்தது என்றும் எழுதியிருக்கிறாய். உங்கள் ஊர்ச் சபைப் பெரியவர்கள் அந்த அதிகாரத்தை எடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. எடுக்காவிட்டால் மாசிக் கடைசியில் உன்னைக் கூப்பிட்டு விசாரித்துச் சபையை விட்டு நீக்குவார்கள். நீக்கினால், உனக்கும் டெஸ்மன்டுக்கும் மறுமைக்கும் சேர்த்து உங்கள் கோயிலில் கட்டிவைத்த கலியாணம் செல்லாமல் போகும். இதைக் கேட்டுக்கொண்டிருந்த நதாலி, அப்ப மேலை போனால் அம்மா எங்களோடை இருக்கமாட்டாவோ என்று டெஸ்மன்டிடம் கேட்டாளாம். அந்த இடத்தில் றஞ்சினி வாசிப்பை நிறுத்தி வெங்காயம் வெட்ட வேண்டும் என்று எழும்பிப் போனாள். வீட்டில் வெங்காயம் முடிந்து கடைக்கும் போகாமல் இருந்த நாள் அது. கடைசி வரியில், அப்பா நீங்கள் என்ன சொல்லுறியள் என்று கேட்டிருக்கிறாய். படிப்பெல்லாம் படித்துப் புத்தகமும் எழுதிய பிள்ளை கையெழுத்து வைக்கத் தெரியாத என்னைக் கேட்கிறாள் என்று நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன், பிறகு பயந்தேன்.

எங்கள் சூசையப்பரைப் பார், மாதாவின் புருசன், அவரும் யோசேப்புத்தான், வேதாகமம் முழுக்கத் தேடினாலும் ஒரு சொல் வாய் திறந்து சொன்னதாக இல்லை என்று சாமியார் சொல்லுவார். அதனால்தான் அவரைப் பற்றி எழுதி ஒருத்தருக்கும் தலையிடி வந்ததில்லை. உன்னுடைய யோசேப்போ வாய் ஓயாத கதைகாரர். அப்படியானவரைப் பிடித்துக்கொண்டால் இப்படித்தான். நீ அந்தச் சபையில் சேர்ந்தபோது நான் கதவை அடித்துச் சாத்தினேன் என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாய், அது காற்று, ஜன்னல் திறந்து கிடந்தது. வெள்ளைச் சேட்டும் ரையும் கட்டிக்கொண்டு உங்கள் சபையைப் பற்றிச் சொல்ல அந்த இரண்டு அமெரிக்கப் பொடியளும் மழையில் நனைந்து வந்தபோது உள்ளே கூப்பிட்டு இருத்தினது யார், நான்தானே. றஞ்சினி தேத்தண்ணி போட்டுக் கொடுக்க, எங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் கையெடுத்துச் சொன்னதும் எனக்கு வந்த கோபம் வேதத்துக்காக அல்ல, தேத்தண்ணிக்காக. வீட்டுக்கு வந்த ஆள் தேத்தண்ணி வேண்டாம் என்றால் அது சண்டைக்கு வந்த ஆள். பிறகு நீதான் சபையில் தேத்தண்ணியும் கோப்பியும் விலக்கு என்று விளக்கம் சொல்லிக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாய், குடித்துவிட்டு அவர்கள் பட்ட பாட்டை முகத்தில் பார்த்தேன், கோபம் போய்விட்டது.

உன் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பெரிய மாநாடு நடந்தது. கிளமென்ற் சொன்னான், அப்பா, வெட்டச் சொல்லுங்கோ, ஒரு அதிகாரம்தானே, மிச்சப் புத்தகம் கிடக்குத்தானே என்று. றஞ்சினி சொன்னாள், முதல் பெண்சாதி பாவம், அவவின்ரை கதையை எழுத ஒருத்தரும் இல்லாமல் கிடந்து இப்பத்தான் ஒருத்தி எழுதியிருக்கிறாள், அதையும் வெட்டுறதோ என்று. நான் இரண்டு பேருக்கும் பதிலாக, எங்கள் ஊர் பேசாலையில் நான் இராயப்பராக நடித்த கதையைச் சொன்னேன். உனக்கு இதைச் சொன்னதில்லை, உன் அம்மா உயிரோடு இருக்கும்வரை அவள் என்னைச் சொல்ல விடவில்லை. அந்த வருசம் ஆண்டவரின் பாடுகளை நடிக்கிற பாஸ்கு நாடகம் பார்க்க ஆயர் ஆண்டகை வருகிறார் என்று பங்குச் சாமியாருக்குக் கைகால் ஓடவில்லை. முதல் பாப்பரசரான இராயப்பர் ஒரு வேலைக்காரப் பெட்டைக்குப் பயந்து, ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலிக்கிறதை ஆண்டகைக்கு முன்னால் காட்டுவதா, அந்தக் கட்டத்தை எடு என்றார். எடுத்தோம். ஆனால் அதற்குப் பிறகு சேவல் கூவ, மறுதலித்ததை நினைத்து இராயப்பர் அழுகிற அழுகையை எடுக்கவில்லை, அது உருக்கமான இடமாம், சனத்துக்குப் பிடிக்குமாம். திரைக்குப் பின்னால் சேவல் மாதிரிக் கூவுகிற குணசேகரத்துக்கும் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சும்மா நெருப்புக் காய்ந்துகொண்டு நிற்கிறேன், குணசேகரம் தொண்டை கிழியக் கூவினான், நான் விழுந்து விழுந்து அழுதேன். சனம் ஒன்றும் விளங்காமல் பார்த்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது, இராயப்பரே, சேவல் கூவினதுக்கு ஏன் அழுறியள், கோழிக்கூட்டைப் பூட்டாமல் வந்திட்டியளோ என்று. ஆண்டகை முதற்கொண்டு சிரித்த சிரிப்பில் ஆண்டவரைச் சிலுவையில் அறைய அரை மணித்தியாலம் பிந்தியது. கத்தினது உன் அம்மா. பிறகுதான் எங்களுக்குக் கலியாணம் பேசினார்கள். இதைச் சொல்லிவிட்டு நான் கிளமென்றிடம் கேட்டேன், தங்கச்சி ஏழாவதை எடுத்தால் எட்டாவதில் அந்த முதல் மனைவி ஏன் அழுகிறாள் என்று வாசிக்கிறவர்கள் கேட்க மாட்டார்களோ என்று. அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டு, உங்களோடை கதைச்சு வெல்லேலாது என்றான்.

கதைத்து வெல்வது வேறு, உன்னை வெளியே விடாமல் பார்ப்பது வேறு. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், பங்கில் ஒரு பிணக்கு என்றால் ஆண்டகையின் வீட்டுக்குப் போய் முழங்காலில் நின்று சொல்ல வேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது. அதனால் லுசேர்ன் பக்கத்தில் இருக்கிற உங்கள் சபை பிஷப்பைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். றஞ்சினி தலையில் கையை வைத்தாள். மாமா, அவர் எங்கடை ஆண்டகை மாதிரி இல்லை, அவர் குழாய் பூட்டுற வேலை, பெண்சாதி பிள்ளையள் இருக்கு, சம்பளம் இல்லாமல் சபையைப் பார்க்கிறார், அமெரிக்காவிலை நடக்கிறதுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று மூச்சு விடாமல் சொன்னாள். நான் சொன்னேன், இராயப்பரும் மீன்பிடிகாரர்தான், அவருக்கு மாமியும் இருந்தா, நீ வெளிக்கிடு என்று. சனிக்கிழமையன்று, பூசைக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, நத்தார்ப் பண்டிகைக்கு றஞ்சினி செய்த கேக்கில் மிச்சம் இருந்த பாதியைப் பொன் தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினோம்.

கதவைத் திறந்தவர் நீலக் களிசானும் கையில் ஒரு ஸ்பனருமாக நின்றார், தன் வீட்டுக் குழாயே ஒழுகுகிறதாம். அவர் யார் என்று எனக்குத் தெரியும், றஞ்சினி சொல்லித்தான் கூட்டி வந்தாள், என்றாலும் ஆண்டகை ஆண்டகைதான் என்று வாசல் மிதியடியில் முழங்காலில் நின்று, அவர் விரலில் கிடந்த மோதிரத்தை முத்தி செய்தேன். அது கலியாண மோதிரம். கிறீஸ் வாசம் அடித்தது. முத்தி செய்த பிறகு எழும்ப முடியவில்லை, அந்த இடது முழங்கால் பிடித்துக்கொண்டுவிட்டது. மனிசன் நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஸ்பனரை எறிந்துவிட்டு மனைவியைக் கூப்பிட, அந்த மனிசி ஓடி வந்து ஒரு கையிலும் அவர் மற்றக் கையிலும் பிடித்து என்னைத் தூக்கிக்கொண்டுபோய் நாற்காலியில் இருத்தினார்கள். றஞ்சினிக்கு வந்த வெட்கத்தைச் சொல்லக் கூடாதாம், எழுத மாட்டேன் என்கிறாள், எழுதிவிட்டாள் பார்.

நல்ல சனம். கோப்பி தேத்தண்ணி இல்லை, பாலில் கொக்கோ கலக்கித் தந்தார்கள். கேக்கை வெட்டினார்கள். பிஷப் ஒரு துண்டு சாப்பிட்டார், தலையை ஆட்டினார், இரண்டாம் துண்டை எடுத்தார். அப்போதுதான் றஞ்சினி என் கையைக் கிள்ளினாள். மாமா, கேக்கிலை பிராண்டி, ஐப்பசியிலேயே பழமெல்லாம் ஊறப்போட்டது, இவையளுக்கு அது ஆகாது, சொல்லாமல் விடுவம் என்று காதுக்குள் சொன்னாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பிறகு யோசித்தேன், மகள் எழுதினதை மறைக்கச் சொல்லாதேங்கோ என்று கேட்க வந்த வாய், வாய்க்குள் கேக்கை வைத்துக்கொண்டு இதை மறைக்கிறதோ என்று. சொல்லு என்றேன். அவள் சொன்னாள். மனிசன் முள்ளுக்கரண்டியை வைத்தார், மனைவியைப் பார்த்தார். அந்த மனிசியின் வாய் நிறையக் கேக். அவசரப்படாமல் மென்று விழுங்கிவிட்டு ஏதோ சொன்னா, அதைக் கேட்டு மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். றஞ்சினி எனக்குச் சொன்னாள், நான் முடிச்ச பிறகு சொல்லியிருக்கலாமே என்று சொல்லுறா என்று. தெரியாமல் சாப்பிட்டது பாவம் இல்லையாம். மிச்சத்தை மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள், கிளமென்ற் அதை ஒரே நாளில் முடித்தான்.

பிறகு உன் கதையைச் சொன்னேன், றஞ்சினி ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வந்தாள். உன் பெயரைக் கேட்டதும் பிஷப்பின் முகம் மலர்ந்தது. உன்னை அவருக்கு நன்றாகத் தெரியுமாம், கேள்வி கேட்டே களைக்க வைத்த பிள்ளை என்றார். நீ அமெரிக்கா போக முன்னம் பேர்ன் பக்கத்தில் இருக்கிற உங்கள் கோயிலுக்குத் தன்னுடைய வேலை வானில், குழாய்களுக்கு நடுவில், உன்னை ஏற்றிக்கொண்டு போனவராம், அப்போது அவர் பிஷப் இல்லை. அதைச் சொல்லிவிட்டுச் சந்தோசமாக இன்னொன்றையும் சொன்னார். றஞ்சினி அதை எனக்குச் சொல்லாமல் கேக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லு பிள்ளை என்றேன். மாமா, அண்டைக்கு யூஜினி மச்சாள் தண்ணிக்குள்ளை இறங்கினது மாமிக்காகவாம், செத்தவைக்குப் பதிலாக உயிரோடை இருக்கிற ஆள் இறங்கி ஞானஸ்நானம் எடுக்கிறது இவையளின்ரை முறையாம் என்றாள்.

ஏன் பிள்ளை, இத்தனை வருசம் எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் கதவைச் சாத்தியிருப்பேன் என்றா. என்னைக் கேளாமல் என் பெண்சாதியை வேறு சபையில் எப்படிச் சேர்ப்பாய் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன், பிறகு மூடினேன், அவள் உயிரோடு இருந்த காலத்திலேயே என்னைக் கேட்டு ஒன்றும் செய்ததில்லை. பிஷப் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டாயம் இல்லை, அவ விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம், விருப்பம் இல்லாவிட்டால் விடலாம், அது அவவின் சுதந்திரம் என்றார். அது சரி, அவளை ஒருத்தரும் கட்டாயப்படுத்திப் பார்க்கட்டும். ஆனால் அப்போதுதான் எனக்கு ஒன்று தைத்தது. நான் றஞ்சினியிடம், நான் சொல்லுறதை ஒரு சொல்லும் விடாமல் சொல்லு என்று சொல்லிவிட்டு பிஷப்பைப் பார்த்துக் கேட்டேன். ஆண்டகை, தாய்க்காகத் தண்ணிக்குள்ளை இறங்கி உங்கடை சபையிலை சேர்த்தவள் மகள். இப்ப தாயை உள்ளுக்கு வைச்சுக்கொண்டு மகளை வெளியிலை விடப் போறியளோ, இது எந்த ஊர் நியாயம் என்று.

மனிசன் கீழே கிடந்த ஸ்பனரை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனா, உள்ளே குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பிறகு அவர் சொன்னார், அங்கே நடக்கிற விசாரணையில் எனக்கு ஓர் அதிகாரமும் இல்லை, வெட்டு என்றும் சொல்ல மாட்டேன், வெட்டாதே என்றும் சொல்ல மாட்டேன், ஆனால் அன்றைக்குத் தண்ணீருக்குள் தாயின் பெயர் சொல்லப்பட்டபோது அவ எப்படி நின்றா என்று பார்த்தவன் நான், நம்பாதவள் அப்படி நிற்க மாட்டாள், அதை அந்தப் பெரியவர்களுக்கு எழுதுவேன் என்று. எழுதுவார் என்று நம்புகிறேன், பிராண்டியைச் சொன்ன ஆட்களுக்குப் பொய் சொல்ல மாட்டார். ஆனால் அது உன்னை உள்ளே வைத்திருக்கப் போதுமா என்று நான் கேட்டதற்கு, தெரியாது என்று நேராகச் சொன்னார். அதுவும் எனக்குப் பிடித்தது.

இனி நீ கேட்டதற்குச் சொல்கிறேன். வெட்டாதே. நத்தாருக்கு ரெலிபோனில் நீதானே சொன்னாய், அப்பா, நான் அவரை நம்புறன், அதாலைதான் முழுசா எழுதினனான், அரைவாசி மனிசனை நம்ப எனக்கு என்ன தேவை என்று. அந்தச் சொல்லை அந்தக் கூட்டத்திலும் அப்படியே சொல்லு, இங்கிலீசில் எப்படி வருமோ தெரியாது, தமிழில் நல்லாயிருந்தது. டெஸ்மன்டைக் கூட்டிக்கொண்டு போ, அவர் சபைக்குப் பயந்தவர் என்றாலும் உனக்கு இன்னும் கொஞ்சம் கூடப் பயந்தவர். அவர்கள் உன்னை வைத்துக்கொண்டால் சந்தோசம், நான் கத்தோலிக்கன், சந்தோசப்படக் கூடாது, என்றாலும் படுவேன். வெளியே விட்டால் அழு, அழ வேண்டிய விசயம்தான், நான் விளையாட்டாகச் சொல்கிறேன் என்று எடுக்காதே.

நதாலிக்கு நான் பதில் சொல்ல வேண்டும், அவளுக்கு விளங்குகிற பாஷையில் வாசித்துக் காட்டு. பேத்தி, உன் அம்மம்மாவை நீ கண்டதில்லை. ஒருமுறை சொந்தக்காரக் கலியாண வீட்டில் எங்களை முதல் பந்தியில் இருத்திவிட்டு, புருசன் சண்டைக்காரன் என்று அவளின் தங்கச்சியை மட்டும் வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். உன் அம்மம்மா சோற்றைப் பிசைந்துவிட்டுத்தான் கவனித்தாள். பிசைந்த கையோடு எழும்பினாள், ஒருத்தரோடும் சண்டை பிடிக்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை, போய்த் தங்கச்சிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றாள். மாப்பிள்ளையின் தகப்பன் வந்து கெஞ்சியும் உள்ளே வரவில்லை. நானும் இலையை விட்டு எழும்ப வேண்டியதாகப் போயிற்று, அன்றைக்கு ஆட்டிறைச்சி. அவளைத்தான் உன் அம்மா மேலே உள்ளுக்கு அனுப்பி வைத்திருக்கிறா. உன் அம்மாவை வெளியே விட்டால் அவள் உள்ளே இருந்து சாப்பிடுவாள் என்று நினைக்கிறாயா. எழும்பி வந்து பக்கத்தில் நிற்பாள். அதனால் உன் அம்மா தனியே நிற்பா என்று பயப்படாதே. எனக்கு அங்கே எந்தப் பக்கத்தில் இடம் தருவார்களோ தெரியாது, எங்கே தந்தாலும் நான் போய் அவர்கள் இருவரும் நிற்கிற இடத்தில்தான் நிற்பேன்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் உன் ஏழாம் அதிகாரத்தையும் ஆசீர்வதிக்கட்டும். டெஸ்மன்டின் இருமலுக்குக் கொத்தமல்லி கொடு. விசாரணைக்கு முதல் நாள் வயிறு நிறையச் சாப்பிடு, பசியோடு போனால் நீ கோபக்காரி. முடிந்ததும் எந்த நேரம் என்றாலும் ரெலிபோன் எடு, கிழவி முகட்டில் இடித்தால் இடிக்கட்டும். ஒன்றை மறக்காமல் எழுது. உன் அம்மா பச்சைத் தண்ணீரில் குளித்ததே இல்லை, கிணற்றுத் தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடாக்கித்தான் குளிப்பாள், தண்ணீர் குளிர் என்றால் என்னோடு சண்டைக்கு வருவாள். அவளுக்காக நீ இறங்கிய அந்தத் தண்ணீர் சூடாக இருந்ததா.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
பே. சந்தியாப்பிள்ளை
(பெருவிரல் அடையாளம் என்னுடையது, மை றஞ்சினியின் பேனாவில் இருந்து ஒழுகியது)